கேமராவின் மேல் ஒரு சந்தனப் பொட்டு

ரேகாவின் விரல்கள் சந்தனத்தில் இருந்தன. கிண்ணத்தில் பன்னீர் விட்டுக் குழைத்து, முதலில் அரிவாள்மணைக்கு, அடுத்து தராசுக்கு, பிறகு ஐஸ் பெட்டிக்கு, வாசலில் நின்ற ஸ்கூட்டிக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு சந்தனத்தின் நடுவிலும் குங்குமம். ஆயுத பூஜைக்கு அவர்கள் வீட்டில் அதுதான் வரிசை. கடைசியில் கம்ப்யூட்டர். திரையின் மேல் விளிம்பில், சரியாக நடுவில், கட்டை விரலால் அழுத்தி ஒரு பெரிய பொட்டு வைத்தாள். கேமராவின் சின்னக் கண் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று அவள் நினைக்கவில்லை.

நான் அப்போது அவளுடைய அப்பா பொன்னுரங்கத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கவாதத்தில் விழுந்தவர். வலது பக்கம் வராது, பேச்சு வராது. தினமும் காலையில் போய், சாயந்திரம் வரை இருந்து, அவரைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, புண் வராமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வீடு சின்னது. கட்டிலின் கால்மாட்டில்தான் கம்ப்யூட்டர் மேசை.

ரேகா திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவள். தங்கை ஜெயஸ்ரீ பால் குடிக்கிற வயதில் அம்மா இறந்துவிட்டாள். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போனால் நாள்கணக்கில் வரமாட்டார். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் இவள். பன்னிரண்டாவது முடித்து, இறால் உரிக்கிற கொட்டகையில் வேலை பார்த்தாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் நகங்கள் இன்றுவரை நேராக வளரவில்லை. அப்பா விழுந்த பிறகு கல்யாணப் பேச்சை அவளே நிறுத்திவிட்டாள். வீட்டிலிருந்தே ஒரு தொழில் வேண்டும் என்று யோசித்து, அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு மீன் அனுப்ப ஆரம்பித்தாள். விடியும் முன் காசிமேட்டுக்குப் போவாள், வாங்குவாள், வந்து வெட்டிக் கழுவிப் பொட்டலம் கட்டுவாள். ஆர்டரெல்லாம் கம்ப்யூட்டரில் வரும். நாற்பது வயதுக்குள் தனக்கென்று அவள் கட்டிக்கொண்டது அந்த ஒன்றுதான்.

அந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்து பூட்டிக் கொடுத்தவன் ஜெயஸ்ரீயின் புருஷன் செங்குட்டுவன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கண்காணிப்பு கேமரா மாட்டுகிறவன். கெட்டிக்காரன். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. தன் வீட்டுக் கூடத்திலும் சமையலறையிலும் கேமரா மாட்டியிருந்தான். வேலை இடத்திலிருந்து போன் செய்து, ஜன்னலண்டை எதற்கு அவ்வளவு நேரம் நின்றாய் என்று பெண்டாட்டியைக் கேட்பான். போன வருஷம் அவள் மணிக்கட்டு முறிந்தபோது மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார்கள். கட்டுப் பிரித்த அன்று நான் கையையும் எக்ஸ்ரேயையும் பார்த்தேன். விழுந்து முறிகிற எலும்பு ஒரு விதம், முறுக்கி முறிகிற எலும்பு வேறு விதம். எடுத்துச் சொன்னேன். ஜெயஸ்ரீ அழுதாள், மறுக்கவில்லை. இந்த ஆடி மாதம் உடுத்திய துணியோடு வெளியேறிவிட்டாள். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் தூரத்து உறவில் பெரியம்மா முறையான கெங்கம்மா வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டாள் ரேகா. கெங்கம்மாவும் செங்குட்டுவனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்த இடம் கெங்கம்மா, ரேகா, நான் ஆகிய மூன்று பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நம்பியிருந்தோம்.

அவள் போன கொஞ்ச நாளில் செங்குட்டுவன் வந்தான். மாமனார் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். பெண்டாட்டி இருக்கும் இடத்தை ரேகா சொல்லவில்லை. வற்புறுத்தவும் இல்லை அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது போலிருக்கிறதே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஏதேதோ சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை என்றுகூட ரேகா அன்று ஒரு நிமிஷம் நினைத்தாளாம். அதற்குப் பிறகு அவன் அந்தப் பக்கமே வரவில்லை.

பொன்னுரங்கத்துக்குக் கண் பார்வை மங்கல். போனில் முகம் தெரியாது. அதனால் ஜெயஸ்ரீ தினமும் சாயந்திரம் கம்ப்யூட்டரில் வருவாள். பெரிய திரையில் மகள் முகத்தைப் பார்த்தால் மனிதர் இடது கையைத் தூக்குவார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும். அவருக்கு மிச்சம் இருந்த பேச்சு அது ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் நான் வேலையில் இருக்கும்போது செங்குட்டுவன் ரேகாவுக்குப் போன் செய்தான். வெளிநபரிடம் பேசுவதுபோல் மரியாதையாக நலம் விசாரித்தான். மாமனார் சாப்பிடுகிறாரா, மீன் வியாபாரம் எப்படி என்று கேட்டான். வைக்கப் போகும் நேரத்தில் சொன்னான்.

“கேமரா மேல சந்தனம் காஞ்சிச்சின்னா கண்ணாடி பூத்துப்பூடும்க்கா. ஈரத்துணியால தொடச்சிடு. அடுத்த தபா கொஞ்சம் மேல வெய்யி.”

ரேகா சரி என்று சொல்லி வைத்தாள். துணியை நனைத்துக்கொண்டு வந்து பொட்டைத் துடைத்தாள். துடைத்து முடித்த கை அப்படியே திரையின் மேல் நின்றது.

ஒவ்வொரு வருஷமும் இந்தப் பூஜைக்கு இரும்புக் கடைக்காரர்கள் கேமராவுக்கும் பொட்டு வைத்துவிடுவார்கள். மறுநாள் படம் தெரியவில்லை என்று இவனைக் கூப்பிடுவார்கள். இவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு கடைகடையாகத் துடைத்துக்கொண்டு போவான். பத்து கடையில் சொல்கிற வார்த்தை பழக்கத்தில் பதினொன்றாவதாக ரேகாவிடமும் வாயில் வந்துவிட்டது. அவன் செய்த தவறு அது ஒன்றுதான்.

நான் பின்கட்டில் மலத்தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். ரேகா வந்து குழாயை முழுவதும் திறந்துவிட்டாள்.

“சிஸ்டரம்மா, அவன் நம்ம வூட்டாண்ட வந்து எம்மா நாளு ஆவுது?”

ஆடிக்குப் பிறகு வரவில்லையே என்றேன்.

“பின்ன, பொட்ட கொஞ்சம் மேல வெய்யின்னு எப்டி சொல்றான்?”

தண்ணீர் வாளியில் நிறைந்து வழிந்தது. இரண்டு பேரும் அதை நிறுத்தவில்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம். அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் நான் ஒரு மனிதரைத் துணி விலக்கித் தினமும் துடைத்திருக்கிறேன். ரேகாவுக்கு வந்தது பயம். ஆர்டர் போனால் போகட்டும், தங்கச்சி எங்கே என்று பார்த்துவிட்டானா என்று கேட்டாள். அது எனக்கும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அவள் பதற்றத்தில் ஒரு காரியம் செய்தாள். கம்ப்யூட்டரில் இருக்கிற புரோகிராம்களை வரிசையாகப் பார்த்து, தனக்குத் தெரியாத ஒன்றை நீக்கினாள். ஒலிபெருக்கிக்கான எதுவோ மாதிரி அதற்குப் பெயர். நீக்கியதும் அது வரிசையில் இல்லை. இரவு கம்ப்யூட்டரை அணைத்தாள். மறுநாள் காலை திறந்தபோது அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. சிஸ்டம் ஸ்லோவாக இருக்கிறதா, எதையாவது தெரியாமல் அழித்துவிட்டாயா என்று செங்குட்டுவன் அக்கறையாக விசாரித்தான். கரண்டு போய் வந்தது என்று ரேகா சொன்னாள். அவன் நம்பினானா என்று குரலில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எதையும் தொடவேண்டாம் என்று நான் சொன்னேன். உள்ளே சீழ் இருக்கும்போது மேலே மட்டும் கட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதோடு, ஒரேயடியாகப் பிடுங்கினால் நாம் தெரிந்துகொண்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஜெயஸ்ரீ பத்திரமான இடத்தில் இருக்கிறாள் என்று உறுதியாகும்வரை அந்தக் கண் திறந்தே இருக்க வேண்டும். திரைக்குத் துணி போடவில்லை. மேசையைத் திருப்பவில்லை. நான் கட்டிலுக்கும் கேமராவுக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு பொன்னுரங்கத்தைக் குளிப்பாட்டினேன். ரேகா வழக்கம்போல் ஆர்டர் பார்த்தாள், வழக்கம்போல் வாடிக்கையாளரைத் திட்டினாள். வீட்டுக்குள் எங்கள் பேச்சு மீன் விலையைத் தாண்டவில்லை.

சாயந்திரம் ஜெயஸ்ரீ திரையில் வந்தாள். அப்பா கையைத் தூக்கினார். அன்றுதான் நான் அவள் முகத்தை விட்டு அவளுக்குப் பின்னால் பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அதில் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், அவற்றுக்குக் கீழே கரையேற்றிய இரண்டு படகுகள். எண்ணூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த எவனும் அந்தப் புகைபோக்கிகள் தெரிகிற கோணத்தை வைத்தே இன்ன குப்பம் என்று சொல்லிவிடுவான். ரேகாவும் பார்த்துவிட்டாள். தங்கையிடம் ஜன்னலைச் சாத்து என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டாள்.

மறுநாள் விடிகாலை காசிமேட்டில் கெங்கம்மாவைப் பார்த்தாள் ரேகா. கெங்கம்மா அங்கே மீன் எடுத்து எண்ணூரில் விற்கிறவள். ஏலச் சத்தத்துக்கு நடுவில் பேசினால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. ரேகா நடந்ததைச் சொல்லத் தொடங்கும் முன்பே கெங்கம்மா சந்தோஷமாக ஒரு சேதி சொன்னாளாம். குப்பத்துக் கோயிலுக்குக் கேமரா வரப்போகிறது. யாரோ ஒரு தம்பி, பார்க்க நல்ல மாதிரி, ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துக் கும்பிட்டு, உண்டியல் திருட்டெல்லாம் நடக்கிற காலம், வேண்டுதல் இருக்கிறது, இனாமாக மாட்டித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். ஒன்று கோயிலுக்குள். மற்றொன்று வாசலில், தெருவைப் பார்த்தபடி. பெரியவர்கள் அவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு வந்து மாட்டுகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறான்.

“ஒயுங்கான புள்ளடி, செருப்ப கழட்டிட்டுத்தான் கோயிலாண்டயே வந்துச்சி” என்றாளாம் கெங்கம்மா.

அன்று புதன்கிழமை. ரேகா கூடையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பிள்ளை யார் என்று பெரியம்மாவின் காதில் சொன்னாள். கெங்கம்மா அதற்குப் பிறகு அன்று மீன் எடுக்கவில்லை.

குப்பம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. எந்த வீடு என்பதுதான் தெரியவில்லை. அதற்குத்தான் தெருவைப் பார்த்த கேமரா. வெள்ளிக்கிழமைக்குள் ஜெயஸ்ரீ அங்கிருந்து போயாக வேண்டும். வியாழக்கிழமை காலை ஐஸ் ஏற்றிப்போகிற வண்டியில், தலையில் முக்காடு போட்டு, மீன்காரிகளோடு மீன்காரியாக உட்கார்த்திக் கொண்டுபோனார்கள். எங்கே என்று இங்கே எழுதப் போவதில்லை.

போய்ச் சேர்ந்தாள் என்ற சேதியை ஒரு மீன்காரி வந்து வாயால் சொல்லிப் போன பிறகுதான் நான் சங்கமித்ராவுக்கு ஆள் அனுப்பினேன். வியாசர்பாடிக்காரி. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கிற கடையில் வேலை. அவள் அம்மாவைக் கடைசி வரை நான்தான் பார்த்துக்கொண்டேன். வாய் கொஞ்சம் அதிகம், கை சுத்தம். அன்று மத்தியானமே பையோடு வந்துவிட்டாள். வீட்டுக்குள் விடாமல் தெருமுனையில் நிறுத்தி எல்லாவற்றையும் ரேகா சொன்னாள்.

உள்ளே வந்ததும் அவள் முதலில் செய்தது, பேசாமல் இன்டர்நெட் வயரைப் பிடுங்கியது. பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ரேகாவின் போன் அடித்தது. செங்குட்டுவன். ரேகா எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தது. போனை அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினாள். அரிசிக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.

சங்கமித்ரா ஒவ்வொன்றாகக் காட்டினாள். கேமராவில் படுவது, வீட்டில் பேசுவது, திரையில் வருவது எல்லாம் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ரேகா நீக்கிய புரோகிராம் வெறும் வாசல்படி. அதன் நகல் வேறொரு இடத்தில் வேறொரு பெயரில் இருந்தது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம், முதலாவது இல்லாவிட்டால் இரண்டாவது அதைத் திரும்பக் கொண்டுவந்து வைக்கும். அதற்கும் மேல், திரையில் பெயரே தெரியாத ஒரு கணக்கை அவன் உள்ளே உண்டாக்கி வைத்திருந்தான். இந்த வீட்டுச் சாவி ரேகாவிடம் ஒன்று இருந்தால் அவனிடம் பெரிய சாவி இருந்தது.

“இது இன்னா வூடா, பஸ் ஸ்டாண்டா? அவன் பாட்டுக்கு நாலா பக்கமும் வயி வெச்சிகினு கீறான்” என்றாள் சங்கமித்ரா.

எல்லாவற்றையும் உடனே அழித்துவிடு என்றாள் ரேகா. சங்கமித்ரா மாட்டேன் என்றாள்.

“அழிச்சிட்டின்னா போலீசாண்ட போய் இன்னா காட்டுவ? உன் மூஞ்சியவா?”

திரையில் தெரிந்ததை ஒவ்வொன்றாகத் தன் போனில் படம் பிடித்தாள். கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியைத் திறந்து, எல்லாம் பதிந்திருந்த பழைய டிஸ்க்கைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு ரேகா கையில் கொடுத்தாள். அந்த இடத்தில் புது டிஸ்க்கை மாட்டி, விண்டோஸை முதலிலிருந்து போட்டாள். பழையதில் இருந்து குடும்பப் படங்களை மட்டும் பிறகு தன் கடையில் வைத்து எடுத்துத் தருவதாகச் சொன்னாள். புரோகிராம் எதையும் பழையதிலிருந்து கொண்டுவரக் கூடாது என்று இரண்டு முறை சொன்னாள்.

ரேகா பெருமூச்சு விட்டாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். சங்கமித்ரா எழுந்திருக்கவில்லை. ரேகாவின் மெயில் ஐடியை யார் போட்டுக் கொடுத்தது என்று கேட்டாள். அவன்தான். தன் போனில் அதைத் திறந்து பார்த்தாள். பாஸ்வேர்டு மறந்தால் தகவல் போகிற நம்பர் அவனுடையது. ரேகா எத்தனை தடவை மாற்றினாலும் அவன் ஒரு நிமிஷத்தில் திரும்ப உள்ளே வரலாம். ரேகாவின் போனும் அதே ஐடியில்தான் ஓடியது. அவள் காசிமேட்டுக்குப் போன நேரம், வந்த நேரம் எல்லாம் அதில் இருந்தது. அவன் நம்பரை எடுத்து, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் அந்த ஐடியை வெளியேற்றி, புது பாஸ்வேர்டு போட்டு, போனை அரிசியிலிருந்து எடுத்து அதையும் முதலிலிருந்து துடைத்தாள். இன்டர்நெட் பெட்டிக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு அழுத்தி, அவன் வைத்திருந்த பெயரையும் பாஸ்வேர்டையும் அழித்துப் புதியது வைத்தாள்.

பிறகுதான் வயரைத் திரும்பச் செருகினாள். கேமராவின் மேல் கறுப்பு டேப் ஒட்டினாள்.

சாயந்திரம் ஆனது. ஜெயஸ்ரீ வருகிற நேரம். பொன்னுரங்கம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இடது கை போர்வைக்கு மேல் எழுந்து, கீழே விழுந்து, மறுபடி எழுந்தது. கொஞ்ச நாளைக்குக் கூப்பிடவேண்டாம் என்று அவளுக்கு நாங்கள்தான் சொல்லியிருந்தோம். ரேகா அப்பாவின் காதண்டை குனிந்து, அவ நல்லா கீறா நைனா, என்றாள். அவருக்குப் புரிந்ததா என்று சொல்ல முடியாது. திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அன்று கஞ்சி பாதிக்கு மேல் இறங்கவில்லை.

மறுநாள் காலை நான் வரும்போது தெருவில் வெளிச்சம் வந்துவிட்டது. ரேகா வாசலில் அரிவாள்மணையைப் போட்டு வஞ்சிரம் வெட்டிக்கொண்டிருந்தாள். எதிரே டீக்கடையின் பெஞ்சில் செங்குட்டுவன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஏணி, தோளில் வேலைப் பை. கோயிலுக்குக் கேமரா மாட்ட நல்ல நாள் என்று அவன் சொன்ன வெள்ளிக்கிழமை அது. டீயைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகத் தெருவைக் கடந்து வந்தான். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னான்.

“நேத்துலேர்ந்து சிஸ்டம் ஆஃப்ல கீதேக்கா. எதுனா பிராப்ளமா?”

“ஆள வெச்சி சரி பண்ணிட்டேன்.”

“யாரு?”

ரேகா மீனை மணையில் அழுத்தினாள். வஞ்சிரத்தின் தலை தனியாக விழுந்தது. அவன் அவள் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி, அவளைத் தாண்டி, திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கட்டிலைப் பார்த்தான்.

“நைனா மெலிஞ்சிட்டாரு. ஜன்னல சாத்தி வெய்க்கா, காத்து ஆவாது அவருக்கு.”

சொல்லிவிட்டு ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு வடக்கே, எண்ணூர்ப் பக்கம் போகிற சாலைக்கு நடந்தான். ஒரு தடவையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேகா மீதி மீனை வெட்டி முடித்தாள். வெட்டாமல் விட்டால் கெட்டுவிடும். பொட்டலங்களை வண்டிக்காரனிடம் கொடுத்தாள். கையை எலுமிச்சம்பழம் போட்டுக் கழுவி, புடவை மாற்றி, டிஸ்க் இருந்த கவரை முந்தானையில் முடிந்துகொண்டாள். சங்கமித்ரா தெருமுனையில் காத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் கூடவே போனார்கள். முதலில் அனைத்து மகளிர் காவல் நிலையம். அங்கே மனு கொடுத்த கையோடு முகத்துவாரக்குப்பம், அவன் யார் என்று கோயில் பெரியவர்களிடம் சொல்ல.

நான் ஜன்னலைச் சாத்தித் தாழ் போட்டேன். கட்டிலின் தலைமாட்டைப் பிடித்து இழுத்து, தெருவிலிருந்து யாருக்கும் தெரியாதபடி உள் சுவரோரமாகத் தள்ளினேன். அப்படியும் பொன்னுரங்கத்துக்குத் திரை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு அவரை வலது பக்கமாகத் திருப்பி, முதுகைத் துடைக்க ஆரம்பித்தேன்.